பல் சொல்வதும் பல் சொல்லாததும்

தடயவியல் மருத்துவர்களுக்காக நடந்த ஒரு பயிற்சி வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருந்தபோது திரையில் காட்டப்பட்ட அட்டவணை ஒன்றின் ஒரே ஒரு வரி இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. அடையாளம் தெரியாத எலும்புக்கூடு ஒன்றின் கடைவாய்ப்பல்லிலிருந்து எடுத்த புரதத் துணுக்குகளின் முடிவு அது. பல்லின் எனாமலை உருவாக்க உதவும் அமெலோஜெனின் என்ற புரதம் பற்றியது. அமெலோஜெனின் எக்ஸ் வடிவம், உண்டு. அமெலோஜெனின் ஒய் வடிவம், இல்லை. பாலினம், பெண். வகுப்பு எடுத்தவர் அந்த வரியை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். யாரும் கேள்வி எழுப்பவில்லை. முதல் கட்டத்தில் இருந்தது கருவி கண்ட ஒன்று. இரண்டாவதில் இருந்தது கருவி காணாத ஒன்று. மூன்றாவதில் இருந்த முடிவோ முழுக்க முழுக்கக் காணாததன்மேல் நின்றது. உயிர்வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்த வேதியியலை நான் அறிவேன். அதன் நுட்பத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பும் உண்டு. அதனாலேயே அந்த வரி உறுத்தியது. காணாமற்போன மகனைத் தேடும் ஒரு தாய்க்கு அந்த ஒற்றைச் சொல், 'இது உன் பிள்ளை இல்லை' என்ற முடிந்த பதிலாகப் போய்ச் சேரும். அந்தப் பதிலைச் சொல்லும் அளவுக்கு அந்தப் பல் உண்மையிலேயே பேசியதா என்பதுதான் என் கேள்வி.

இந்தத் துறையின் அடிப்படை எளிமையானது. டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறினால், சில இடங்களில் அந்த மரபணு உருவாக்கும் புரதத்திலும் அதன் கட்டுமான அலகான ஓர் அமினோ அமிலம் மாறும். டிஎன்ஏ சிதைந்துபோன பிறகும் புரதம் எஞ்சியிருந்தால், மாறிய அந்த அமினோ அமிலத்தைப் படித்து, முன்பு அங்கே இருந்த மரபணு எழுத்தைப் பின்னோக்கி ஊகிக்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களோடு கிளெண்டன் பார்க்கர் 2016இல் தலைமுடியைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். ஐரோப்பிய வம்சாவளியினரான 66 அமெரிக்கர்களின் முடியிலிருந்த புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது, அதிகபட்சமாக 12,500 பேரில் ஒருவருக்கே அமையக்கூடிய அளவு தனித்தன்மை கொண்ட குறிகள் கிடைத்தன. எலும்புக்கும் பல்லுக்கும் அதே முறையைக் கொண்டு செல்லும் முயற்சிகள் தொடர்ந்தன. உண்மையில் இது முற்றிலும் புதிய பாதையும் அன்று. 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ ரேகையைக் கண்டறிவதற்கு முன்பு, இரத்த வகைகளையும் ஹாப்டோகுளோபின் போன்ற இரத்தப் புரத வகைகளையும் வைத்தே தடயவியல் கூடங்கள் ஆட்களை வேறுபடுத்திக்கொண்டிருந்தன. டிஎன்ஏ வந்தபோது ஒதுக்கி வைத்த புரதத்திடம், டிஎன்ஏ எட்டாத இடங்களில் மீண்டும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

புரதம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்குத் தொல்லுயிரியல் தந்திருக்கும் சான்றுகள் மலைக்க வைப்பவை. ஜார்ஜியா நாட்டின் டிமானிசியில் கிடைத்த காண்டாமிருகப் பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலில் ஏறத்தாழ 17.7 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள புரதத் துணுக்குகள் 2019இல் படிக்கப்பட்டன. அதே ஆண்டில், சீனாவின் தென்பகுதிக் குகையில் கிடைத்த ஜைஜான்டோபிதிகஸ் என்னும் பெருங்குரங்கின் பல்லிலிருந்து 19 லட்சம் ஆண்டுப் பழைய புரதம் வெளிவந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்த நிலத்தில் அவ்வளவு காலம் டிஎன்ஏ பிழைத்திருக்க வழியில்லை. தைவானுக்கு அருகே கடலடியிலிருந்து வலையில் சிக்கிய பெங்கு தாடை எலும்பு, டெனிசோவர் என்னும் மறைந்த மனித இனத்தைச் சேர்ந்த ஓர் ஆணுடையது என்பதை 2025இல் காட்டிக்கொடுத்தவையும் அதன் புரதங்கள்தாம். இவற்றையெல்லாம் படிக்கும் எவருக்கும், இலட்சக்கணக்கான ஆண்டுகள் தாங்கும் பல் முப்பது ஆண்டுக்கு முன் இறந்தவரின் பெயரைச் சொல்லாதா என்ற எதிர்பார்ப்பு எழுவது இயல்பு. ஆனால் இனத்தைச் சொல்வது வேறு, ஆளைச் சொல்வது வேறு. இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

எனாமலைத் தொடும் விதம்

பரிசோதனை மேசையில் இது எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதன் சிக்கனத்தை மறக்க மாட்டார்கள். நிக்கோலஸ் ஸ்டூவர்ட்டும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட முறையில் பல்லை உடைக்க வேண்டியதில்லை, துளையிட வேண்டியதும் இல்லை. மேற்பரப்பை ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைத்து, தூய நீரில் அலசி, சிறு பிளாஸ்டிக் குழாயின் மூடியில் சில துளிகள் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, எனாமல் பகுதி மட்டும் அதைத் தொடும்படி பல்லைக் கவிழ்த்துப் பிடிக்கிறார்கள். 2 நிமிடம். அந்த முதல் அமிலத்தை அப்படியே கொட்டிவிடுகிறார்கள். ஏனென்றால் மண்ணும், தொட்டவர்களின் கையிலிருந்து ஒட்டியவையும் அதில்தான் இருக்கும். பிறகு புதிய அமிலம், மீண்டும் 2 நிமிடம். இம்முறை கரைந்து வருவது அந்த மனிதர் குழந்தையாக இருந்தபோது அவருடைய உடல் கட்டிய எனாமலின் மிக மெல்லிய அடுக்கு. அதிலுள்ள புரதத் துணுக்குகளை நுண்குழல் முனையில் பிடித்து, உப்பை நீக்கி, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் செலுத்துகிறார்கள். பல்லை உற்றுப் பார்த்தால் அமிலம் பட்ட இடத்தில் பளபளப்பு சற்றே மங்கியிருக்கும்; வேறு சேதம் எதுவும் தெரியாது. இறந்தவரின் உடலை மேலும் சிதைக்காமல் கேள்வி கேட்க முடிகிறது என்பது, உடலைத் திரும்பப் பெறக் காத்திருக்கும் குடும்பத்தினருக்குச் சிறிய விஷயம் அன்று.

எனாமலில் எடையளவில் 95 சதவீதத்துக்கு மேல் கனிமம். புரதம் ஒரு சதவீத அளவுக்குத்தான் எஞ்சியிருக்கும். பல் உருவாகும்போது அமெலோஜெனின், அமெலோபிளாஸ்டின், எனாமலின் ஆகிய புரதங்கள் ஒரு சாரம்போல் நின்று கனிமப் படிகங்களை வளர்க்கின்றன. வேலை முடிந்ததும் உடலே இரு நொதிகளை அனுப்பி அந்தச் சாரத்தை வெட்டி அகற்றிவிடுகிறது. அகற்றப்படாமல் படிகங்களுக்கிடையே சிக்கிக்கொண்ட சிறு துணுக்குகளைத்தான் நாம் படிக்கிறோம். எனாமலுக்குள் உயிரணுக்கள் இல்லை, இரத்தவோட்டம் இல்லை. ஒருமுறை உருவானால் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. ஆகவே அதற்குள் அடைபட்டவை நீண்ட காலம் பாதுகாப்பாக இருக்கின்றன. பாலினத்தைப் பொறுத்தவரை இயற்கை இங்கே ஒரு நல்வாய்ப்பைத் தந்திருக்கிறது. அமெலோஜெனின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் ஒன்றும் ஒய் குரோமோசோமில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் இருக்கிறது; இரண்டும் சற்றே வேறுபட்ட புரதங்களை உருவாக்குகின்றன. எக்ஸ் வடிவத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்கு அடுத்து ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் வரும் ஓரிடத்தில், ஒய் வடிவத்தில் அவற்றுக்கிடையே ஒரு மெத்தியோனின் அமர்ந்திருக்கும். அந்த ஒரு மெத்தியோனினைக் கண்டுவிட்டால் அந்தப் பல்லுக்கு உரியவரிடம் ஒய் குரோமோசோம் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். பருவமடையாத சிறார்களின் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று நம்பகமாகச் சொல்ல வழியே இல்லாதிருந்த நிலையில், பால்பற்களிலிருந்தும் இதை அறிய முடிகிறது என்பது பெரும் முன்னேற்றம். அந்த மனிதர் தம்மை எவ்வாறு உணர்ந்தார், எவ்வாறு வாழ்ந்தார் என்பதைப் புரதம் அறியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்; அது குரோமோசோமைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

நிலைப்பது குறைவாகப் பேசுகிறது

பாலினம் ஒருபுறம் இருக்க, ஆளை அடையாளம் காண வேண்டுமென்றால் மனிதருக்கு மனிதர் வேறுபடும் இடங்கள் நிறையத் தேவை. எனாமலின் பலமே இங்கே அதன் பலவீனமாகிறது. அதில் எஞ்சும் புரதங்கள் கைவிரல்களுக்குள் அடங்கக்கூடியவை. அவற்றிலும் நொதிகளுக்குத் தப்பிய சில பகுதிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. அந்தப் பகுதிகளில் மனிதர்களிடையே பரவலாகக் காணப்படும் வேறுபாடுகள் மிகக் குறைவு. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டைன் அப்படியல்ல. அதில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்ப்பொருள். பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப்புரதம், அதோடு இரத்தத்தின் வழியாக வந்து கனிமத்தோடு ஒட்டிக்கொண்ட புரதங்கள் பல. கல்லீரலில் உருவாகி எலும்பிலும் டென்டைனிலும் வந்து தங்கும் ஃபெட்யூன் என்ற புரதம் அவற்றில் ஒன்று. அதில் 248ஆம் இடத்தில் சிலருக்குத் திரியோனின், சிலருக்கு மெத்தியோனின். 256ஆம் இடத்தில் சிலருக்குத் திரியோனின், சிலருக்குச் செரின். டிஎன்ஏ காலத்துக்கு முன்பே இரத்தச் சீரத்தில் பிரித்தறியப்பட்ட வகைகள் இவை. கொலாஜனிலும் புரோலினுக்குப் பதில் அலனின் அமையும் பரவலான வேறுபாடு ஒன்று உண்டு. ஆனால் டென்டைன் நுண்துளைகள் நிறைந்தது. ஈரமும் நுண்ணுயிரிகளும் எளிதில் நுழையும். நீண்ட காலம் நிலைப்பது குறைவாகப் பேசுகிறது, நிறையப் பேசக்கூடியது சீக்கிரம் அழிகிறது. இந்த முரண்பாட்டைச் சொல்லாமல் பற்புரதத்தை டிஎன்ஏவுக்கு மாற்றாக அறிமுகப்படுத்தும் பேச்சுகளைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடுந்தீயில் எரிந்த பல்லில் இரண்டுமே மிஞ்சாமல் போகலாம் என்பதையும் அதே பேச்சுகள் விட்டுவிடுகின்றன.

இன்னொரு சிக்கல், முதுமை மரபணுவைப் போல வேடம் போடுவது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அமினோ அமிலங்களின் பெயரைப் படிப்பதில்லை. துணுக்குகளின் நிறையை அளக்கிறது. நிறை எவ்வளவு மாறியது என்பதிலிருந்து எந்த அமிலம் மாறியது என்று நாம் கணிக்கிறோம். அலனின் இருந்த இடத்தில் மரபணு மாற்றத்தால் செரின் வந்தால் நிறை 15.995 டால்டன் (அணுக்களின் நிறையைச் சொல்லும் அலகு) கூடும். அதே துணுக்கில் பக்கத்திலுள்ள புரோலின் அல்லது மெத்தியோனின் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பற்றிக்கொண்டாலும் கூடுவது அதே 15.995. மொத்த நிறையை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. துணுக்கை மேலும் உடைத்து, கூடிய நிறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். கொலாஜனில் ஆக்சிஜன் ஏறிய புரோலின் இயல்பாகவே நிறைந்திருப்பதால், புரோலின் லூசினாக மாறியதா, வெறும் ஆக்சிஜன் ஏறியதா என்ற ஐயம் அடிக்கடி எழும். இங்கே வேறுபாடு 0.036 டால்டன்தான். இவற்றையாவது நல்ல கருவியும் பொறுமையும் தீர்த்துவிடும். அஸ்பராஜின் விஷயத்தில் அதுவும் இயலாது. காலப்போக்கில் அஸ்பராஜின் தானாகவே அஸ்பார்டிக் அமிலமாக மாறிவிடுகிறது. மரபணுவால் வந்த அஸ்பார்டிக் அமிலமும் முதுமையால் வந்ததும் நிறையில் அணுவளவும் வேறுபடுவதில்லை. ஆகவே பழைய பற்களில் அத்தகைய இடங்களை அடையாளக் குறிகளாக எடுத்துக்கொள்ளவே கூடாது. குறிகளின் பட்டியல் நீளமாக இருப்பதைவிட, எந்தெந்த இடங்கள் ஏன் ஒதுக்கப்பட்டன என்ற பட்டியல் அறிக்கையில் இருப்பதையே நான் முக்கியமாகக் கருதுவேன்.

24 பேரில் இருவர்

அட்டவணையின் அந்த வரிக்குத் திரும்புகிறேன். எக்ஸ் வடிவம் உண்டு, ஒய் வடிவம் இல்லை என்றால் பெண் என்று கொள்வதில் இரு ஓட்டைகள் உள்ளன. முதலாவது அளவு சார்ந்தது. ஆணின் எனாமல் உருவாகும்போது ஒய் குரோமோசோமிலுள்ள மரபணு, எக்ஸில் உள்ளதைப்போல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவுக்கே வேலை செய்கிறது. புரதம் சிதையச் சிதைய முதலில் கருவியின் பார்வைக்கு எட்டாமல் போவது ஒய் வடிவம்தான். எனவே பாதி சிதைந்த ஆணின் பல் பெண்ணின் பல்லைப் போலத் தோன்றும். இந்த ஆபத்தை உணர்ந்த பார்க்கர் குழுவினர் 2019இல் ஒரு நேர்மையான வழியை முன்வைத்தார்கள். எக்ஸ் வடிவத்தின் சமிக்ஞை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்த்து, அவ்வளவு வலுவான சமிக்ஞை இருந்தும் ஒய் தென்படாமல் போவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, 'பெண்' என்பதை ஒரு நிகழ்தகவாகச் சொல்வது. எக்ஸ் வலுவாக இருந்து ஒய் தென்படாவிட்டால் நிகழ்தகவு உயரும். எக்ஸே மங்கலாக இருந்தால் எதுவும் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த வழியைப் படித்ததும் என் உறுத்தல் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. காரணம், பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்று. 1998இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வெளிவந்த சிறு குறிப்பு அது. டிஎன்ஏவைக் கொண்டு பாலினம் அறிய உலகெங்கும் அன்று பயன்பட்டதும் இதே அமெலோஜெனின் மரபணுதான். இலங்கையைச் சேர்ந்த 24 ஆண்களைச் சோதித்தபோது அவர்களில் இருவர் அந்தச் சோதனையில் பெண்களாகக் காட்டப்பட்டார்கள். அவர்களுடைய ஒய் குரோமோசோமில் அமெலோஜெனின் மரபணு இருக்கும் துண்டே விடுபட்டிருந்தது. அவர்கள் நல்ல உடல்நலத்தோடு வாழ்ந்த ஆண்கள். அந்தத் துண்டு இல்லாதது அவர்களுக்கு எந்தக் குறையும் செய்யவில்லை. 2002இல் ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்திய ஆண்கள் 270 பேரைச் சோதித்தபோது ஐந்து பேரிடம் இதே விடுபடலைக் கண்டார்கள். மலேசியாவில் நடந்த ஆய்விலும் இந்திய வம்சாவளி ஆண்களிடமே இது கூடுதலாகத் தென்பட்டது. ஆஸ்திரியாவில் 28,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் பார்த்தபோது இதன் அளவு 0.02 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஐரோப்பியப் பற்களை வைத்துச் சரிபார்க்கப்பட்ட ஒரு முறை, தெற்காசிய ஆண்களில் ஒரு பகுதியினரைப் பெண்களாக எழுதிவிடக்கூடும் என்பதை அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

மரபணு இல்லாதவரின் பல்லில் அதன் புரதமும் இருக்காது. அங்கே எக்ஸ் சமிக்ஞை எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஒய் தென்படப்போவதில்லை. நிகழ்தகவுக் கணக்கு 'பெண்' என்பதை நோக்கி உறுதியாக உயர்ந்துகொண்டே போகும். பல் எவ்வளவு நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு நிச்சயத்தோடு கணக்கு நம்மைத் தவறான பக்கம் தள்ளும். டிஎன்ஏ ஆய்வுக்கூடங்கள் இந்த ஓட்டையை அடைத்துவிட்டன. ஒய் குரோமோசோமின் வேறு இடங்களிலுள்ள குறிகளையும் சேர்த்தே இன்றைய சோதனைத் தொகுப்புகள் பார்க்கின்றன; ஒன்று விடுபட்டாலும் இன்னொன்று ஆணைக் காட்டிக்கொடுக்கும். எனாமலுக்கு அந்த வசதி இல்லை. ஒய் குரோமோசோமிலிருந்து எனாமலுக்கு வந்து தங்கும் புரதமாக நாம் பயன்படுத்துவது அமெலோஜெனின் ஒன்றைத்தான். அதற்குத் துணை நிற்க இரண்டாவது சாட்சி கிடையாது.

இதையெல்லாம் யோசித்த பிறகு, தொல்லியலில் புகழ்பெற்ற இரு முடிவுகளை நான் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இத்தாலியின் மோடெனாவில் 2009இல் கைகோத்த நிலையில் கிடைத்த இரு எலும்புக்கூடுகளை உலகம் காதலர் இணை என்று அழைத்தது. 2019இல் எனாமலைச் சோதித்தபோது இருவரிடமும் ஒய் வடிவம் கிடைத்தது, இருவரும் ஆண்கள். அது கண்டு சொன்ன முடிவு. ஸ்பெயினின் வலென்சினாவில் யானைத் தந்தத்தோடு ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்டவரை முதலில் ஆண் என்று கருதியிருந்தார்கள். 2023இல் எக்ஸ் வடிவம் மட்டுமே கிடைத்ததால் பெண் என்று திருத்தினார்கள். அந்தத் திருத்தம் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பகுதி மக்களில் இந்த விடுபடல் மிக அரிது என்பதால் அது சரியாகவே இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ள சாட்சியங்கள் அல்ல. அருங்காட்சியகத்தில் இந்த வேறுபாடு ஒரு விளக்கப் பலகையோடு முடிந்துவிடும். காணாமற்போனவர்களின் கோப்பில் அது ஒரு குடும்பத்தின் தேடலைத் தவறான இடத்தில் நிறுத்திவிடும்.

எந்தப் பட்டியலுக்குள் தேடுகிறோம்

காண்பதை நம்பு, காணாததை எடை போட்டுச் சொல் என்ற இதே ஒழுங்கு ஆள் அடையாளத்துக்கும் பொருந்தும். ஃபெட்யூனின் மெத்தியோனின் வடிவம் பல்லில் கிடைத்தால், அவருக்கு அந்த மரபணு வடிவம் ஒன்றாவது இருந்தது என்பது உறுதி. திரியோனின் வடிவம் கிடைக்கவில்லை என்பதை வைத்து, அவருடைய இரு பிரதிகளும் மெத்தியோனின் வடிவமே என்று சொல்லிவிட முடியாது, ஒன்று சிதைந்திருக்கலாம். எனவே ஒவ்வொரு குறியும் டிஎன்ஏவில் தரும் தகவலைவிடக் குறைவாகவே பல்லில் தருகிறது. ஒரு வடிவத்தின் பரவல் மக்களில் 30 சதவீதம் என்றால், அதை ஒரு பிரதியாவது வைத்திருப்பவர்கள் 51 சதவீதம், கிட்டத்தட்டப் பாதிப்பேர். இப்படிப் பாதிப்பேரிடம் இருக்கும் ஐந்து குறிகள் ஒரு பல்லில் கிடைத்தால், ஐந்தும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருந்தாலும், 32 பேரில் ஒருவர் என்ற அளவுக்கே வர முடியும். ஃபெட்யூனின் 248உம் 256உம் போல ஒரே மரபணுவில் அருகருகே இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே வருபவை. அவற்றைத் தனித்தனியாகப் பெருக்கினால் கணக்கு தன்னை ஏமாற்றிக்கொள்ளும்.

32 பேரில் ஒருவர் என்பது பயனற்றதாகத் தோன்றலாம். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் தேடினால் பயனற்றதுதான். முடியில் கிடைத்த 12,500இல் ஒருவர் என்ற எண்ணுக்குக்கூட அந்த நகரத்தில் 800 பேர் பொருந்துவார்கள். ஆனால் தடயவியலில் பெரும்பாலான துயரங்கள் அப்படித் திறந்த வெளியில் நிகழ்வதில்லை. மூழ்கிய படகில் ஏறியவர்கள், விழுந்த விமானத்தில் இருந்தவர்கள், ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 40 பெயர்கள் உள்ள பட்டியலில், ஐந்து எளிய குறிகள் உரியவரைத் தவிர இன்னும் ஓரிருவரையே விட்டுவைக்கும். அவர்களுக்குள் வயது பிரிக்கும்: 1955க்கும் 1963க்கும் இடையே வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கதிரியக்கக் கார்பன் எனாமலில் பதிந்திருப்பதைக் கொண்டு, பிறந்த ஆண்டை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பிழைக்குள் கணிக்கலாம் என்று 2005இல் காட்டப்பட்டிருக்கிறது. தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ சற்றேனும் மிஞ்சியிருந்தால் அதுவும் சேரும். ஒரே தாயின் பிள்ளைகளை அது பிரிக்காது, ஆனால் புரதக் குறிகள் பிரிக்கக்கூடும். பற்புரதத்தின் உண்மையான இடம் இந்தக் கூட்டுச் சாட்சியத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கூறு உண்டு. பல்லை வைத்து ஆளைக் கண்டறியும் பழைய முறைக்கு, இறந்தவர் உயிரோடிருந்தபோது பல்மருத்துவரிடம் சென்ற பதிவு வேண்டும். எக்ஸ்ரே வேண்டும், அடைத்த பல்லின் குறிப்பு வேண்டும். அந்த வசதியைப் பெறாமலே வாழ்ந்து இறந்தவர்களுக்கு அந்த முறையால் பயனில்லை. புரதக் குறி மரபுவழி வருவது. எந்தப் பதிவும் இல்லாதவருக்கும் ஒரு தாயோ தந்தையோ உடன்பிறந்தவரோ இருப்பார்கள். அவர்கள் தரும் எச்சில் மாதிரியின் டிஎன்ஏவிலிருந்து, அவர்களுடைய பிள்ளையின் பல்லில் எந்தெந்தப் புரத வடிவங்கள் இருக்க முடியும் என்று கணிக்கலாம். பல்லில் கண்ட ஒரு வடிவம் தாய் தந்தை இருவரிடமும் இல்லையென்றால், அந்தப் பல் அவர்களுடைய பிள்ளையினுடையது அன்று. விலக்கும் இந்த முடிவு, கண்ட ஒன்றின்மேல் நிற்பதால் வலுவானது. அட்டவணையில் இருந்த 'பெண்' என்ற சொல்லைவிடப் பல மடங்கு வலுவானது.

பொருந்துகிறது என்று சொல்லும்போதுதான் யாருடைய பரவல் எண்களைப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வி வருகிறது. உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் 26 மக்கள்தொகுதிகளைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். அந்த 102 பேரை வைத்துக்கொண்டு எல்லாத் தமிழருக்குமான எண்ணைச் சொல்ல முடியாது. நெருங்கிய வட்டத்துக்குள்ளேயே பல தலைமுறைகளாக மணம் செய்துவந்த சமூகங்களில், பொதுவாக அரிதான ஒரு வடிவம் மிகச் சாதாரணமாக இருக்கக்கூடும். 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81இல், சிறு எண்ணிக்கை மூதாதையரிடமிருந்து பெருகியதன் தடம், பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் காணப்படுவதைவிட ஆழமாக இருப்பதைக் காட்டியது. ஒரே ஊரிலிருந்து, ஒரே சமூகத்திலிருந்து பலர் சேர்ந்து காணாமற்போகும்போது, நாடு முழுமைக்குமான பரவலைக் கொண்டு செய்யும் கணக்கு பொருத்தத்தை மிகைப்படுத்தும். ஜீனோம் இந்தியா திட்டத்தின்கீழ் 10,000 பேரின் மரபுத்தொகுதித் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்காகத் திறக்கப்பட்டன. நோய்களை மனத்தில் வைத்துத் திரட்டிய அந்தத் தரவில், டென்டைன் புரதங்களின் வேறுபாடுகளையும், ஒய் குரோமோசோமின் அந்த விடுபடலையும் குழுவாரியாகத் தொகுத்துத் தருவது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அன்று.

பற்களும் இருக்கின்றன. பல்மருத்துவக் கல்லூரிகளில் நாள்தோறும் பிடுங்கப்படும் ஞானப்பற்கள் கழிவுப் பெட்டிக்குள் போகின்றன. உரியவரின் சம்மதத்தோடு ஒரு பல்லையும் ஓர் எச்சில் மாதிரியையும் இணையாகச் சேகரித்தால், எச்சிலின் டிஎன்ஏ சொல்வதைப் பல்லின் புரதம் எத்தனை இடங்களில் சரியாகச் சொல்கிறது, எத்தனை இடங்களில் மௌனமாக இருக்கிறது என்பதை நம் மக்களிடமே அளந்துவிடலாம். அமெலோஜெனின் ஒய் விடுபட்ட ஆண்கள் அந்தத் தொகுப்பில் நிச்சயம் சிலர் இருப்பார்கள். அவர்களுடைய எனாமல் கருவிக்கு எப்படித் தெரிகிறது என்று நேரடியாகப் பார்க்கலாம். அதுவரை, ஒய் வடிவம் கிடைக்காத பல்லுக்கான அறிக்கையில் மூன்றாவது கட்டத்தை இப்படித்தான் நிரப்ப வேண்டும் என்று எந்தத் தடயவியல் மருத்துவரிடமும் வேண்டிக் கேட்பேன்: 'எக்ஸ் வடிவம் இந்த அளவில் கண்டறியப்பட்டது. ஒய் வடிவம் கண்டறியப்படவில்லை. பெண்ணாக இருக்கும் நிகழ்தகவு இவ்வளவு. ஒய் குரோமோசோமில் இந்த மரபணு விடுபட்ட ஆணாகவும் இருக்கலாம். ஆகவே காணாமற்போன ஆண்களின் பட்டியலிலிருந்து இந்த உடலை நீக்க வேண்டாம்.'